மலச்சிக்கலும் சீன மூலிகையும்: புட்டியைத் திறக்கும் முன் தெரிய வேண்டியவை

குமரி மாவட்டத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. கல்ஃபிலிருந்து வருகிறவர் பேரீச்சம்பழமும் பாதாமும் கொண்டுவருவார். சிங்கப்பூர், மலேசியா பக்கமிருந்து வருகிறவரின் பெட்டியில் கோடாலித் தைலத்தோடு, சீன எழுத்துப் போட்ட சின்னப் புட்டி ஒன்றும் சில சமயம் இருக்கும். திறந்தால் மிளகைவிடச் சிறிய கரும்பழுப்பு உருண்டைகள். "எட்டு உருண்டை போட்டுட்டுக் கிட மக்களே, காலையில சுகமா எளகும்" என்று சித்தி எடுத்து நீட்டுவார்.

சித்திக்கு இளகியது உண்மைதான். உங்களுக்கு ஒன்றுமே நடக்காமல் போகலாம். வயிறு முறுக்கி நாலு தடவை ஓடவும் வைக்கலாம். அந்த உருண்டை ஒருவகை மலச்சிக்கலுக்கு மட்டும் செய்யப்பட்டது என்பதுதான் காரணம். சீன மருத்துவத்தின் கணக்கில் மலச்சிக்கல் ஒற்றை நோய் அல்ல. ஐந்தாறு வேறு வேறு கோளாறுகள் ஒரே தொந்தரவாக வெளியே தெரிகின்றன. எது உங்களுடையது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அந்த வைத்தியத்தில் பாதி வேலை. பிரித்துப் பார்க்காமல் உருண்டையை மட்டும் விழுங்கினால், அது இன்னொரு பேதி மருந்து, அவ்வளவுதான்.

எது நாட்பட்ட மலச்சிக்கல்?

தினமும் காலையில் போயே ஆகவேண்டும் என்ற நம்பிக்கை நமக்கு ஆழமாக உண்டு. ஒரு நாள் தவறினால் வீட்டில் பெரியவர்கள் விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தேடுவார்கள். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று தடவை போகிறவரும் சரி, வாரத்துக்கு மூன்று தடவை போகிறவரும் சரி, சிரமமில்லாமல் போனால் இரண்டுமே இயல்புதான். வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவாகப் போவது, முக்கி முக்கிப் போவது, ஆட்டுப் புழுக்கை மாதிரிக் கட்டி கட்டியாக வருவது, போன பிறகும் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தோன்றுவது, இவற்றில் குறைந்தது இரண்டு மாதக்கணக்கில் நீடித்தால் அதை நாட்பட்ட மலச்சிக்கல் என்கிறார்கள்.

பெருங்குடலின் முக்கியமான வேலைகளில் ஒன்று தண்ணீரை உறிஞ்சுவது. உணவின் கழிவு அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு வறண்டு இறுகும். சிலருக்குக் குடல் நகர்த்துவதே மெதுவாக இருக்கும். சிலருக்கு எல்லாம் கீழே வந்து சேர்ந்திருக்கும். ஆனால் முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசைகள் தளராமல் இறுகிக்கொள்ளும். இந்த இரண்டாம் வகைக்கு எந்த ஊர் மூலிகையும் பெரிதாகப் பயன்படாது. தசைப் பயிற்சிதான் வேண்டும்.

குடலுக்கு நேரங்காலம் உண்டு. காலையில் எழுந்ததும், ஏதாவது சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக ஒரு தள்ளு தள்ளும். அந்த நேரத்தில்தான் நம் மாவட்டத்தில் பாதிப்பேர் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியும் முன்னே கட்டன்சாயா குடித்துவிட்டுத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் மரம் மரமாக நகர்ந்துகொண்டிருப்பார். குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் வள்ளம் ஏறியவர் கடலில் இருப்பார். முந்திரி ஆலைக்குப் போகிற பெண்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். போன இடத்தில் கழிப்பறை பிடிக்காவிட்டால் சாயங்காலம் வரை அடக்குவார்கள். வந்த உணர்வை மறுபடி மறுபடி அடக்கினால் அந்த உணர்வே மங்கிப்போகும். மருந்து தேடும் முன் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். பலர் பார்ப்பதில்லை.

மாத்திரைகளையும் ஒரு தடவை பாருங்கள். இரும்புச்சத்து, கால்சியம், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், சில மனநல மருந்துகள் எல்லாம் மலத்தைக் கட்டும். தைராய்டு குறைபாடும் சர்க்கரை நோயும் கட்டும். இவை காரணமாக இருந்தால், காரணத்தை விட்டுவிட்டு மூலிகையைத் தேடுவது வீண் செலவு.

சீன வைத்தியர் என்ன கேட்பார்?

சீன மருத்துவத்தில் உடலை இயக்கும் சக்தியை 'சி' என்பார்கள். அதோடு ரத்தம், குளிர்ச்சியும் ஈரமும் தருகிற 'யின்', சூடும் இயக்கமும் தருகிற 'யாங்'. பெருங்குடலின் 'சி' கீழ்நோக்கி இறங்க வேண்டும். குடலில் ஈரம் இருக்க வேண்டும். சூடு அளவோடு இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று கெட்டாலும் மலம் தங்கும். அபான வாயு கீழே போகவில்லை என்று நம் சித்த வைத்தியர் சொல்வதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடவும் கூடாது. மருந்துத் தேர்வில் இருவரும் எதிரெதிர்த் திசையில் போகிற இடங்கள் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வைத்தியர் முன்னால் உட்கார்ந்தால் முதலில் கேள்விகள்தான். மலம் கெட்டியா, இல்லை மிருதுவாக இருந்தும் வெளியே வரவில்லையா? போன பிறகு சுகமாக இருக்கிறதா, களைத்துப் போய் உட்கார்ந்துவிடுகிறீர்களா? தாகம் எடுத்தால் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமா, வெந்நீர் வேண்டுமா? சிறுநீர் மஞ்சளா, தெளிவா? ராத்திரி கால் சில்லென்று ஆகிறதா? வாய் நாறுகிறதா? அடுத்து நாக்கை நீட்டச் சொல்வார். சிவந்த நாக்கில் மஞ்சளாக உலர்ந்த படிவம் இருந்தால் சூடு. வெளிறிப் பருத்து, ஓரத்தில் பல் தடம் பதிந்திருந்தால் 'சி' குறைவு. படிவமே இல்லாமல் சிவந்து வெடித்திருந்தால் ஈரம் வற்றியிருக்கிறது. வெளிறி நனைந்திருந்தால் உள்ளே குளிர். கடைசியில் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். ஆசான்மார் நாடி பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

முதலில் சூட்டு வகை. மலம் காய்ந்து கெட்டியாக இருக்கும். வயிறு உப்பி, அழுத்தினால் வலிக்கும். வாய் கசக்கும், நாறும். காரமும் பொரித்ததும் சாராயமும் கூடினால், அல்லது காய்ச்சல் அடித்து ஓய்ந்த பிறகு, இது வரும். சித்தியின் புட்டியில் இருக்கும் உருண்டை பெரும்பாலும் இதற்கானதுதான். 'மா ஸி ரென் வான்' என்று பெயர். கி.பி. 200ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதிவைத்த மருந்து இது. இன்றும் அதே ஆறு சரக்குகள். கஞ்சாச் செடியின் விதை, பேதியாக்கும் ரூபார்ப் வேர், பாதாமி (பாதாம் அல்ல, ஆப்ரிகாட் பழம்) விதைப் பருப்பு, வெள்ளைப் பியோனி வேர், முற்றாத நார்த்தை வகைக் காய், மக்னோலியா மரப்பட்டை. பொடித்துத் தேனில் உருட்டுவார்கள்.

கஞ்சா விதையா என்று திடுக்கிட வேண்டாம். போதை இலையிலும் பூவிலும்தான். விதையில் இருப்பது எண்ணெய். குடலை வழவழப்பாக்குவதற்காகச் சேர்க்கிறார்கள். பாதாமிப் பருப்பு நெஞ்சுச் சளிக்கான மருந்து. அது இங்கே ஏன் என்று கேட்டால், நுரையீரலும் பெருங்குடலும் இணை உறுப்புகள், மேலே இறங்கினால்தான் கீழேயும் இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் அளவு கொஞ்சமாகத்தான் இருக்கும். அதே நஞ்சுக்காக மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) அவித்து வெள்ளத்தை வடித்துக் கொட்டத் தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதாமிப் பருப்பைத் தனியாக வாங்கிக் கொறிக்காதீர்கள், அவ்வளவுதான்.

பழைய குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அளவு சொல்லியிருக்கும் விதம். பத்து உருண்டையில் தொடங்கு, நாளுக்கு மூன்று வேளை, பலன் தெரியும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. எடுத்த எடுப்பில் வயிற்றைக் கழுவிவிடும் நோக்கமே அதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. மலம் இறுகுவதோடு சிறுநீர் அடிக்கடி போகிறவருக்கு இதைக் கொடு என்கிறது அந்தக் குறிப்பு. குடலுக்கு வரவேண்டிய ஈரம் சிறுநீர்ப்பை வழியே ஓடிவிடுகிறது என்பது அதன் விளக்கம். விளக்கம் அழகுதான். ஆனால் இன்று நம் ஊரில் ஒருவர் அடிக்கடி சிறுநீர் போகிறது, மலம் இறுகுகிறது என்று சொன்னால் நான் முதலில் அனுப்புவது ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்குத்தான்.

இரண்டாவது, 'சி' தேங்கிய வகை. உட்கார்ந்தே வேலை, கவலை, கோபத்தை விழுங்குவது. போகவேண்டும் போலிருக்கும், போனால் வராது. ஏப்பம், வாயு, விலாவில் இறுக்கம். மலம் அவ்வளவு கெட்டியாகவும் இருக்காது. இதற்குத் தேங்கியதை நகர்த்தும் சரக்குகள்: நம் நாட்டு மருந்துக்கடையிலும் கிடைக்கிற கோஷ்டம், முற்றாத நார்த்தை வகைக் காய், பிறகு பாக்கு. ஆமாம், நம் தோட்டத்துக் கமுகில் காய்க்கிற அதே பாக்குதான். அதற்காக வெற்றிலைச் செல்லத்தை எடுத்து வைத்துக்கொண்டு இது வைத்தியம் என்று சொல்லாதீர்கள்; பாக்கு மெல்லுவது வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம்.

மூன்றாவது வகையைத்தான் எல்லாரும் தவறாகக் கையாளுகிறார்கள். மலம் மிருதுவாகவே இருக்கும்; தள்ளத் தெம்பு இருக்காது. முக்கினால் வியர்க்கும், மூச்சு வாங்கும், போய் வந்த பிறகு படுத்துக்கொள்ளத் தோன்றும். நீண்ட நாள் நோயில் கிடந்தவர், வயதானவர், சரியாகச் சாப்பிடாதவர். இது 'சி' குறைந்த மலச்சிக்கல். இவருக்குப் பேதி கொடுத்தால் அன்றைக்கு இளகும். அடுத்த வாரம் முன்னைவிட மோசமாகும். சீன வைத்தியர் இவருக்கு அஸ்ட்ராகலஸ் வேரும் அட்ராக்டிலோடிஸ் கிழங்கும் கொடுத்துத் தெம்பு ஏற்றப் பார்ப்பார். ரூபார்ப் பக்கமே போகமாட்டார். சித்தி நீட்டும் புட்டியை இந்த வகைக்காரர் வாங்கினால் நடப்பது நேர் எதிரானது.

நான்காவது, வறட்சி. பிரசவத்துக்குப் பிறகு, ரத்தம் நிறையப் போன பிறகு, முதுமையில். தோல் உலரும், முகம் வெளிறும், தலை சுற்றும், மலம் காய்ந்திருக்கும். ஆனால் சூட்டு வகையின் நாற்றமும் உப்புசமும் இருக்காது. இதற்கு டாங் குவேய் வேர், ரெமானியா வேர், பீச் விதைப் பருப்பு, கஞ்சா விதை என்று எண்ணெயும் ஈரமும் உள்ள சரக்குகள். 1798இல் வூ ஜூடோங் என்ற வைத்தியர், காய்ச்சலில் உடல் வற்றியவருக்காக மூன்றே வேர்கள் கொண்ட ஒரு கஷாயத்தை எழுதினார். நீரைக் கூட்டினால் படகு தானே நகரும் என்பது அந்த மருந்துக்குச் சீனர்கள் சொல்லும் உவமை. தூர்ந்துபோய்த் தண்ணீர் வற்றிய ஏ.வி.எம். கால்வாயைப் பார்த்த குமரிக்காரருக்கு இது உடனே புரியும். வள்ளத்தைப் பின்னாலிருந்து எத்தனை பேர் தள்ளி என்ன, அடியில் வெள்ளம் வேண்டாமா? பேதி மருந்து தள்ளுகிற ஆள். இந்தக் கஷாயம் வெள்ளம்.

பிரசவம் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பேறுகால லேகியமும் நெய்யும் பூண்டும் கொடுப்பார்கள், கூடவே ஆஸ்பத்திரியில் தந்த இரும்பு மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கும். மலம் கட்டினால் முதல் சந்தேகம் அந்த மாத்திரை மேல் வரட்டும். நீங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். பால் கொடுக்கும் தாயும் கர்ப்பிணியும் ரூபார்ப் சேர்ந்த எந்த உருண்டையையும் தொடக்கூடாது.

ஐந்தாவது, குளிர். வயதானவர், முழங்கால் சில்லிட்டிருக்கும், சிறுநீர் தெளிவாக நிறையப் போகும், வயிற்றில் சூடு வைத்தால் இதமாக இருக்கும். சிஸ்டான்கே என்ற பாலைவனச் செடியின் தண்டு இவர்களுக்கான மருந்து. நம் பக்கம் அது கிடைப்பதும் அரிது, தேவைப்படுவதும் அரிது.

நிஜ வாழ்க்கையில் இந்த வகைகள் கலந்தும் வரும். அதனால்தான் சீன வைத்தியர் கடைச் சரக்கை அப்படியே கொடுக்காமல், ஆளுக்கு ஆள் ஒரு சரக்கைக் கூட்டி இன்னொன்றைக் குறைத்துக் கஷாயப் பொட்டலம் கட்டுவார்.

ரூபார்ப்பும் பக்கத்து ஜில்லா இலையும்

உருண்டையில் பேதியாக வேலை செய்யும் சரக்கு ரூபார்ப் வேர். நம் நாட்டு மருந்துக்கடையில் இரேவல்சின்னிக் கிழங்கு என்று கேட்டால் கிடைப்பது இதன் இனம்தான். (இரேவல்சின்னிப் பால் என்று ஒன்றும் விற்பார்கள். அது வேறு மரத்தின் பிசின், மிகக் கடுமையான பேதி. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.) இதில் உள்ள சென்னோசைடு என்ற பொருள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போகும். அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் அது வேலைக்கு இறங்கும். குடலை நகரவைக்கும், தண்ணீர் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுக் காலையில் போவது அதனால்தான்.

இதே சென்னோசைடு நிலாவாரை இலையிலும் இருக்கிறது. உலகச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்று பெயர் பெற்ற இலை அது. ஆரல்வாய்மொழி தாண்டினால் பக்கத்து ஜில்லாக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்து, தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிப் போகிறது. சீன மருந்துக்கடை அலமாரியிலும் அந்த இலைக்கு இடமுண்டு. ஆகவே வெறும் பேதிதான் வேண்டும் என்றால் சிங்கப்பூர்ப் புட்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விலை குறைந்த பொருள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. சீன மருந்தில் வித்தியாசம் என்று இருந்தால் அது மற்ற ஐந்து சரக்குகளிலும், ஆளைப் பார்த்துக் கொடுப்பதிலும்தான் இருக்க வேண்டும்.

அப்படி இருக்கிறதா என்று ஹாங்காங்கில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வெளியான ஆய்வில் 120 பேர். பாதிப்பேருக்கு மா ஸி ரென் வான், பாதிப்பேருக்கு மருந்தில்லாத பொய் மருந்து, 8 வாரம். மருந்து சாப்பிட்டவர்களில் 100க்கு 43 பேருக்குக் குணம் தெரிந்தது. பொய் மருந்தில் 100க்கு 8 பேருக்கு. 2019இல் வெளியான அடுத்த ஆய்வில் 291 பேர். இந்தத் தடவை சென்னாவையும் பந்தயத்தில் சேர்த்தார்கள். 8 வார முடிவில் சீன உருண்டை 100க்கு 68, சென்னா 58, பொய் மருந்து 33. மருந்தை நிறுத்தி இன்னும் 8 வாரம் கழித்துப் பார்த்தபோதுதான் சுவாரசியம்: சீன மருந்துக்காரர்களில் 100க்கு 47 பேர் இன்னும் நன்றாக இருந்தார்கள், சென்னாக்காரர்கள் 21க்கு இறங்கி, பொய் மருந்துக்காரர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

இந்த எண்களைப் பார்த்துப் புட்டி வாங்க ஓடும் முன் ஒரு விஷயம். இந்த ஆய்வுகளில் வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளவில்லை. சீன முறையில் பரிசோதித்து, மேலே சொன்ன சூட்டு வகை போல, குறைவால் அல்லாமல் மிகுதியால் வரும் மலச்சிக்கல் உள்ளவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். தெம்பில்லாதவரும் குளிர்ந்தவரும் அந்தக் கணக்கிலேயே இல்லை. மற்ற வகைகளுக்கான மருந்துகளுக்கு இந்த அளவு உறுதியான சோதனைகள் குறைவு. ஆகவே சீன மருந்து மலச்சிக்கலைக் குணமாக்கும் என்று பொதுவாகச் சொல்கிறவரிடம், எந்த மருந்து, எந்த மலச்சிக்கலை என்று திருப்பிக் கேளுங்கள்.

கடுக்காய்க்கு இரண்டு முகம்

முன்பு சொன்ன எதிரெதிர்த் திசைக்கு நல்ல எடுத்துக்காட்டு கடுக்காய். மாலையில் கடுக்காய் என்பது நம் பாட்டிமார் வாக்கு. கொட்டையை நீக்கி, தோலைப் பொடித்து ராத்திரி வெந்நீரில் சாப்பிட்டால் காலையில் வயிறு ஒழியும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே கடுக்காய் சீன வைத்தியத்தில் நிற்காத வயிற்றோட்டத்தை நிறுத்த, அதிலும் வாட்டிக் கொடுக்கப்படும் மருந்து. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கடுக்காயில் துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. அது குடலைச் சுருக்கும். கூடவே குடலைத் தூண்டும் பொருள்களும் இருக்கின்றன. பதம், அளவு, வறுத்ததா பச்சையா என்பதைப் பொறுத்து எது மேலே வரும் என்பது மாறும்.

ரூபார்ப்பிலும் இதே கதைதான். அதிலும் டானின் உண்டு. கொஞ்சமாகக் கொடுத்தால் கட்டும், கூடக் கொடுத்தால் ஓட்டும். ஓடி முடிந்த பிறகு மறுபடி கட்டுவதும் அதனால்தான். நீண்ட நேரம் கொதித்தால் பேதிக் குணம் குறையும் என்பதால், கடும் பேதி வேண்டும்போது கஷாயம் இறக்கும் நேரத்தில்தான் ரூபார்ப்பைப் போடுவார்கள். மிதமாக வேண்டும் என்றால் மதுவில் வேகவைத்துப் பதப்படுத்தியதைச் சேர்ப்பார்கள். சரக்கின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மூலிகைதானே, என்ன செய்துவிடும்?

பேதி வகை மூலிகையை மாதக்கணக்கில் தினமும் எடுத்தால் உடலில் பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கும் இது விளையாட்டல்ல. நெஞ்சுத் துடிப்பே தப்பும். குடலின் உட்சுவர் கறுத்துப்போவதும் உண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும் அது பெரும்பாலும் நிறுத்தினால் மாறிவிடும்.

ஹோ ஷோ வூ என்ற கிழங்கையும் சீனாவில் முதியவர்களின் மலச்சிக்கலுக்குக் கொடுப்பது உண்டு. முடி கறுக்கும் என்று சொல்லியும் விற்கிறார்கள். இது கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் பல பதிவாகியிருக்கின்றன; தவிர்த்துவிடுவது நல்லது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை எடுத்த 100க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பொட்டலத்தில் இருக்க வேண்டிய வேருக்குப் பதில், பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்த அரிஸ்டோலோக்கியா இன வேர் சேர்ந்துவிட்டதுதான் காரணம். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் அந்த இனம்தான். நாட்டுச் சரக்கு என்பதால் எதையும் காய்ச்சிக் குடிக்கலாம் என்ற துணிச்சல் வேண்டாம்.

மெலிவதற்கான டீ என்று விற்கப்படும் பொட்டலங்கள் சிலவற்றில் இருப்பது சென்னா இலை. எடை குறைவதாகத் தெரிவது தண்ணீர் போவதால்தான்.

நம் மாவட்டத்தில் என்ன செய்யலாம்?

இந்திய அரசு ஆயுஷ் என்று அங்கீகரித்த முறைகளில் சீன மூலிகை மருத்துவம் இல்லை. அக்குபங்சர் மட்டும் தனிச் சிகிச்சை முறையாக ஏற்கப்பட்டிருக்கிறது. அதனால் அக்குபங்சர் பலகை போட்டவர் சீன மூலிகையும் எழுதிக் கொடுத்தால், அதை எங்கே படித்தார் என்று தயங்காமல் கேளுங்கள். வகை பிரித்துப் பார்க்கும் வைத்தியம்தான் வேண்டும் என்றால் அதற்குக் கடல் தாண்டத் தேவையில்லை. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே படித்த வைத்தியர் நாடி பார்த்து, வாதமா பித்தமா என்று கேட்டுத்தான் மருந்து கொடுப்பார்.

அதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. தினமும் கட்டன்சாயா குடித்த பிறகோ பழங்கஞ்சி குடித்த பிறகோ ஒரே நேரத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். செல்போன் வெளியே இருக்கட்டும். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு முழங்காலை இடுப்புக்கு மேலே உயர்த்துங்கள். குந்தி உட்காருவதில் கிடைக்கும் கோணம் அதில் கிடைக்கும். மரச்சீனியும் மீனும் மட்டும் தட்டில் இருந்தால் நார்ச்சத்துக்கு வழியில்லை. கூடவே சிறுபயறுத் தோரன், முருங்கைக்கீரை, நன்றாகப் பழுத்த பாளையங்கோட்டான் பழம் இரண்டு. அரைப்பழமாக இருந்தால் துவர்த்துக் கட்டும். இசப்கோல் எடுத்தால் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு எடுங்கள். தண்ணீர் இல்லாமல் எடுத்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். சில வாரம் இப்படிச் செய்தும் வழிக்கு வராதவர்களுக்குத்தான் மருந்து.

மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த மலச்சிக்கல், குடும்பத்தில் குடல் புற்றுநோய் வந்தவர் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த உருண்டையும் வேண்டாம், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்கள் டாக்டரிடமோ போங்கள். வயிறு வீங்கி, வாயுவும் பிரியாமல், வாந்தியும் வந்தால் அன்றைக்கே போகவேண்டும். அந்த நிலையில் பேதி கொடுப்பது ஆபத்து.

இவ்வளவுக்கும் பிறகு புட்டியைத் திறக்கத்தான் போகிறீர்கள் என்றால் லேபிளைப் பாருங்கள். மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கி, டி எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கும். சரக்குப் பட்டியலே இல்லாத புட்டியைத் தூக்கிப் போடுங்கள். முதல் தடவை லேபிள் சொல்லும் அளவில் பாதி எடுத்துப் பாருங்கள். வயிறு முறுக்கினால் நிறுத்துங்கள். டாக்டரிடம் போகும்போது, நாட்டு மருந்து சாப்பிடுகிறேன் என்று பொதுவாகச் சொல்லாமல் புட்டியையே கையில் கொண்டுபோங்கள். கல்ஃப் வேலைக்குத் திரும்புகிற தம்பிமார் பெட்டியில் மட்டும் இதை வைத்துவிடாதீர்கள். கசகசாவுக்கே ஆளைப் பிடித்து நிறுத்துகிற நாடுகள் அங்கே உண்டு. கஞ்சா விதை என்று சரக்குப் பட்டியலில் எழுதியிருக்கிற புட்டிக்கு விமான நிலையத்தில் யாரும் வயிற்று வலி விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள்.